குளோரேட் ஆலையின் ‘95 சதவீதத் திறன்’: மீதி மின்சாரம் எங்கே போகிறது?

உப்புத் தண்ணீரில் மின்சாரம் செலுத்தி சோடியம் குளோரேட் தயாரிக்கும் ஆலைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கருத்துகள் தவறாமல் வந்து விழும். ஒன்று, “அதெல்லாம் 95 சதவீதத் திறனில் ஓடுகிற ஆலை, அங்கே இனி மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது?” என்பது. இன்னொன்று, “மிச்சம் பிடிக்கலாம், ஆனால் அதற்குப் பாதுகாப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்” என்பது. சொல்கிறவர்கள் பெரும்பாலும் விவரம் தெரிந்தவர்கள்தான், ஆனாலும் இரண்டும் தப்பு. முதலாவதில் ‘திறன்’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு பொருள்களைச் சுமந்துகொண்டு நிற்கிறது. இரண்டாவதைப் பொறுத்தவரை, இந்த ஆலையில் மின்சாரத்தை வீணடிக்கிற ஒரு முக்கியமான காரணமும் வெடிவிபத்துக்கு அடிபோடுகிற காரணமும் ஒன்றேதான்: தொட்டிக்குள் உருவாகக் கூடாத ஆக்சிஜன். அது எப்படி என்று அடியிலிருந்து பார்ப்போம். பள்ளியில் படித்த வேதியியல் பாதி மறந்திருந்தாலும் பரவாயில்லை.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம்

குளோரைடு, ஹைப்போகுளோரைட், குளோரேட், பெர்குளோரேட். காதில் ஒன்றுபோலவே விழும் இந்தப் பெயர்களுக்குள் வித்தியாசம் எளிமையானது: ஒரு குளோரின் அணுவோடு எத்தனை ஆக்சிஜன் அணுக்கள் ஒட்டியிருக்கின்றன என்பதுதான். குளோரைடில் ஒன்றும் இல்லை, அது சாதாரண உப்பில் இருப்பது. ஹைப்போகுளோரைட்டில் ஒன்று, துணி வெளுக்கும் திரவத்தில் இருப்பது அது. குளோரேட்டில் மூன்று, பெர்குளோரேட்டில் நான்கு. ஆலையின் வேலை, எதுவும் ஒட்டாத குளோரைடை எடுத்து அதில் மூன்று ஆக்சிஜனை ஏற்றுவது.

எதற்காக? உலகில் தயாராகும் சோடியம் குளோரேட்டில் மிகப் பெரும் பங்கு காகிதக்கூழை வெளுக்கும் வேலைக்குப் போகிறது. முன்பு கூழைக் குளோரின் வாயுவால் நேரடியாக வெளுத்தார்கள். 1980களில் அந்தக் கழிவில் டையாக்சின் என்ற கடும் நச்சு இருப்பது தெரியவந்ததும் ஆலைகள் குளோரின் டையாக்சைடுக்கு மாறின. குளோரின் டையாக்சைடை அடைத்து அனுப்ப முடியாது, வழியிலேயே சிதைந்து வெடிக்கக் கூடியது. அதனால் கூழ் ஆலைக்குக் குளோரேட்டை அனுப்பி, அங்கேயே அதிலிருந்து குளோரின் டையாக்சைடு செய்துகொள்கிறார்கள்.

தொட்டிக்குள் நடப்பது

மின்னாற்பகுப்பு என்றால் மின்சாரத்தைக் கொண்டு ஒரு வேதிவினையை வலிந்து நடத்துவது. உப்புக் கரைசலுக்குள் இரண்டு உலோகத் தகடுகள் அருகருகே நிற்கும். கரைசலில் இருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் தகடு ஆனோடு, கரைசலுக்கு எலக்ட்ரானைக் கொடுக்கும் தகடு கேத்தோடு.

ஆனோடில் குளோரைடு தன் எலக்ட்ரானை இழந்து குளோரின் ஆகிறது. கேத்தோடில் தண்ணீர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஹைட்ரஜன் வாயுவையும் காரத்தையும் தருகிறது. இதுவரைக்கும் காஸ்டிக் சோடா ஆலையில் நடப்பதும் இதேதான். அங்கே இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஒரு சவ்வைத் தொங்கவிட்டு, குளோரின் ஒரு பக்கம், ஹைட்ரஜன் மறு பக்கம் என்று பிரித்து எடுக்கிறார்கள். குளோரேட் கலத்தில், அதாவது தகடுகள் நிற்கும் பெட்டியில், அந்தச் சவ்வு கிடையாது. குளோரினும் காரமும் கலந்தாக வேண்டும், கலந்தால்தான் வேலை நடக்கும். இந்த ‘நடுவே சுவர் இல்லை’ என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க அது திரும்பத் திரும்ப வரும்.

கலந்த குளோரின் தண்ணீரோடு சேர்ந்து ஹைப்போகுளோரஸ் அமிலம் ஆகிறது. அதில் ஒரு பகுதி காரத்தோடு சேர்ந்து ஹைப்போகுளோரைட்டாக மாறுகிறது. அப்புறம் அமில வடிவம் இரண்டும் ஹைப்போகுளோரைட் ஒன்றும் சந்தித்தால் ஒரு குளோரேட் பிறக்கும். இந்தக் கடைசிக் கட்டத்தில் மின்சாரத்துக்கு எந்த வேலையும் இல்லை, அது கரைசலுக்குள் தானாக, நிதானமாக நடக்கிற ஒன்று. அதன் அவசரமின்மைதான் ஆலையின் உருவத்தையே தீர்மானிக்கிறது. சுவருக்கு அடித்த வண்ணம் காய்வதற்கு நேரம் வேண்டும், பத்து ஆட்களைக் கூடுதலாக நிறுத்தினாலும் வண்ணம் சீக்கிரம் காயாது. அதுபோல இங்கே தகடுகள் இருக்கும் கலம் சின்னது, கரைசல் காத்திருக்கும் தொட்டி பெரியது. கலத்தில் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகளே கரைசலை மேலே தூக்கித் தொட்டிக்குத் தள்ளிவிடும், பல ஆலைகளில் இதற்குத் தனியாக ஒரு பம்பு கூடத் தேவைப்படுவதில்லை. நல்ல வடிவமைப்பு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

இதுவரை பார்த்தது: தகடுகளில் குளோரினும் ஹைட்ரஜனும் உருவாகின்றன, குளோரின் கரைசலில் கரைந்து வடிவம் மாறுகிறது, பெரிய தொட்டியில் நிதானமாகக் குளோரேட் ஆகிறது. மொத்தக் கணக்கு: உப்பும் தண்ணீரும் உள்ளே, குளோரேட்டும் ஹைட்ரஜனும் வெளியே.

‘95 சதவீதம்’ எதைச் சொல்கிறது?

ஒரு குளோரேட் உருவாக ஆறு எலக்ட்ரான்கள் வேண்டும். எலக்ட்ரான்களை மூட்டை தூக்கும் ஆட்களாக நினைத்துக்கொள்வோம். ஆறு பேர் சேர்ந்தால் ஒரு குளோரேட் மேலே போய்ச் சேரும். நூறு பேரை அனுப்பினால் அதில் தொண்ணூற்றைந்து பேர் குளோரேட்டைத் தூக்கினார்கள், ஐந்து பேர் வேறு எதையோ தூக்கிக்கொண்டு போனார்கள் என்றால் அதற்குப் பெயர் மின்னோட்டத் திறன் 95 சதவீதம். ஆலைக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் எண் இது. ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற எண். ஒவ்வொரு ஆளும் எவ்வளவு உயரம் ஏறினார் என்பது அதில் வராது.

அந்த உயரம்தான் மின்னழுத்தம். இந்த வினைக்குக் கோட்பாட்டளவில் ஏறக்குறைய 1.45 வோல்ட் போதும். நடைமுறையில் கலத்துக்கு 3 வோல்ட் அளவுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதாவது முதல் மாடிக்குப் போக வேண்டிய மூட்டையை இரண்டாம் மாடிக்குத் தூக்கிவைத்து, அங்கிருந்து கீழே போடுகிறோம். விழும்போது அது வெப்பமாகிறது. கரைசலைச் சூடாக வைத்திருக்க அந்த வெப்பம் கொஞ்சம் உதவும், வினையும் சூட்டில் வேகமாக நடக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் மிச்சம் இருப்பதைக் குளிர்நீர் கொண்டு வெளியேற்றித்தான் ஆக வேண்டும்.

கொஞ்சம் எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் சோடியம் குளோரேட்டுக்கு, ஒரு எலக்ட்ரான் கூட வீணாகாமல், ஏறக்குறைய 15 லட்சத்து 11 ஆயிரம் ஆம்பியர் மணி வேண்டும். 1.45 வோல்ட்டில் ஓட முடிந்தால் இது சுமார் 2,200 கிலோவாட் மணி. 3 வோல்ட்டும் 95 சதவீத மின்னோட்டத் திறனும் என்றால் சுமார் 4,770. ‘95 சதவீதத் திறன்’ ஆலை, தேவையானதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் மின்சாரம் எடுக்கிறது. உண்மையான ஆற்றல் திறன், அதாவது கொடுத்த மொத்த மின்சாரத்தில் பொருளுக்குள் போய்ச் சேர்ந்த பங்கு, 50 சதவீதத்துக்கும் கீழே.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு வருகிறது. மின்னழுத்தத்தை வெறும் 0.1 வோல்ட் குறைத்தால் டன்னுக்கு 150 கிலோவாட் மணிக்கு மேல் மிச்சம். மின்னோட்டத் திறனை ஒரு சதவீதப் புள்ளி உயர்த்தினால் கிடைப்பது ஏறக்குறைய ஐம்பதுதான். அப்படியானால் எல்லோரும் வோல்ட்டின் பின்னால்தானே ஓட வேண்டும்? ஓடினார்கள். பழைய கிராஃபைட் ஆனோடுகள் நாளாக ஆகக் கரைந்து மெலியும், தகடுகளுக்கு நடுவே இடைவெளி விரியும், இடைவெளி விரிந்தால் கரைசலின் மின்தடை கூடும், மின்னழுத்தம் ஏறும். 1960களில் ஹென்றி பீர் என்பவர் டைட்டானியத் தகட்டின் மேல் ருத்தேனியம் ஆக்சைடு கலந்த மெல்லிய பூச்சைக் கொண்டுவந்தார். அது தேய்ந்து வடிவம் மாறுவதில்லை, குளோரினையும் சுலபமாக உருவாக்கும். தகடுகளைச் சில மில்லிமீட்டர் தூரத்துக்கு நெருக்கி வைக்க முடிந்தது. இந்தத் தொழிலில் நடந்த ஆகப்பெரிய மாற்றம் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

இப்போது மிச்சம் இருக்கும் வீண்செலவில் பெரிய பங்கு கேத்தோடு பக்கம். வினையைத் தூண்டுவதற்காக மட்டும் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய மின்னழுத்தத்தை மிகை மின்னழுத்தம் என்பார்கள். பல ஆலைகளில் கேத்தோடு சாதாரண எஃகு, அதில் ஹைட்ரஜனைக் கிளப்ப மிகை மின்னழுத்தம் நிறையத் தேவை. நல்ல வினையூக்கிப் பூச்சு போட்டால் குறையுமே என்று தோன்றும். ஏன் அது சுலபமாக நடக்கவில்லை என்பதற்குக் கொசுவலைக் கதை வர வேண்டும், பின்னால் வருகிறது.

சுருக்கமாக: மின்னோட்டத் திறன் ஆட்களை எண்ணுகிறது, மின்னழுத்தம் அவர்கள் ஏறிய உயரத்தைச் சொல்கிறது, இரண்டும் சேர்ந்தால்தான் மின்கட்டணம்.

அந்த ஐந்து பேர் எங்கே போனார்கள்?

இப்போது தப்பிப் போன ஐந்து பேரைத் தேடுவோம். அவர்களில் பெரும்பாலானவர்கள் ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

ஹைப்போகுளோரைட் தொட்டியில் பொறுமையாகக் காத்திருந்து குளோரேட் ஆக வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, காத்திருக்காமல் மறுபடி ஆனோடு பக்கமே வந்துவிட்டால்? அங்கேயும் குளோரேட் கிடைக்கும், ஆனால் கூடவே ஆக்சிஜனும் வரும். ஃபோர்ஸ்டர், முல்லர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார்கள்: இந்தக் குறுக்கு வழியில் ஒரு குளோரேட்டுக்கு ஆறு பேருக்குப் பதில் ஒன்பது பேர் தேவை. கூடுதல் மூன்று பேரும் ஆக்சிஜனுக்காக உழைக்கிறார்கள். எல்லாமே இந்த வழியில் போனால் மின்னோட்டத் திறன் 66.7 சதவீதத்தைத் தாண்டவே தாண்டாது.

கரைசலின் அமில-காரச் சமநிலை இங்கேதான் முக்கியமாகிறது. இரண்டு பங்கு அமில வடிவம், ஒரு பங்கு ஹைப்போகுளோரைட் என்ற விகிதத்துக்கு அருகில் வைத்தால் தொட்டி வினை வேகமாக ஓடும், ஆனோடுக்குத் திரும்பிப் போகிற சரக்கு குறையும். காரம் கூடினால் ஆக்சிஜன் கூடும், அமிலம் கூடினால் குளோரின் வாயுவாகவே தப்பித்து வெளியேறும். உப்பில் வந்து சேரும் நிக்கல், கோபால்ட், தாமிரம் போன்றவை துளியளவு இருந்தாலும் ஹைப்போகுளோரைட்டை உடைத்து ஆக்சிஜனாக்கிவிடும். கால்சியமும் மெக்னீசியமும் கேத்தோடில் படிந்து மின்னழுத்தத்தை ஏற்றும். ஆகவே உப்பைச் சுத்தம் செய்வது ஏதோ துணை வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சேமிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

அந்த ஆக்சிஜனே ஆபத்து

ஒரு டன் குளோரேட்டுக்குக் கூடவே ஏறக்குறைய 57 கிலோ ஹைட்ரஜன் வருகிறது. சாதாரண அழுத்தத்தில் 600 கன மீட்டருக்கும் மேல். இதை எரிபொருளாகவோ மூலப்பொருளாகவோ பயன்படுத்தினால் நல்ல வருமானம், சும்மா காற்றில் விட்டால் வீண்.

நடுவே சுவர் இல்லை என்று முதலில் சொன்னதை இப்போது எடுத்துக்கொள்வோம். ஆனோடில் உருவாகும் ஆக்சிஜனும் கேத்தோடில் உருவாகும் ஹைட்ரஜனும் ஒரே குழாயில் ஒன்றாகத்தான் மேலே போகின்றன. ஹைட்ரஜனைப் பார்த்தாலே பயப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, ஹைட்ரஜன் மட்டும் இருந்தால் அது எரியாது, எரியத் துணைக்கு ஆக்சிஜன் வேண்டும். ஹைட்ரஜனில் ஆக்சிஜன் ஏறக்குறைய 5 சதவீதத்தைத் தாண்டும்போது கலவை எரியக்கூடிய எல்லைக்குள் நுழைகிறது. அதற்குப் பிறகு மிகச் சின்னப் பொறி போதும், ஹைட்ரஜனைப் பற்றவைக்கத் தேவையான ஆற்றல் அவ்வளவு குறைவு. நன்றாக ஓடும் ஆலையில் ஆக்சிஜன் ஓரிரு சதவீதத்தில் நிற்கும். எல்லைக்கு வெகு முன்பே அலாரம் அடிக்கும், இன்னும் ஏறினால் மின்சாரம் தானாக நிற்கும்.

இப்போது இரண்டு கதைகளையும் சேர்த்துப் பாருங்கள். வெளியேறும் வாயுவில் 2 சதவீதம் ஆக்சிஜன் இருந்தால், ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு எலக்ட்ரான்களையும் ஒரு ஹைட்ரஜன் இரண்டையும் எடுத்துக்கொள்ளும் கணக்கை வைத்துப் போட்டால், மின்னோட்டத் திறன் ஏறக்குறைய 96 சதவீதம் என்று வரும். ஆக்சிஜன் 3 சதவீதம் ஆனால் திறன் 94க்கு இறங்கும். ஒரே மானி, ஒரே எண். அது ஏறினால் பணமும் போகிறது, வெடிப்பு எல்லையும் நெருங்குகிறது. பாதுகாப்பா சேமிப்பா என்று கேள்வியை வைப்பவர்களுக்கு இந்த மானியைத்தான் காட்ட வேண்டும்.

ஆனால் இதில் ஒரு வலையும் இருக்கிறது. மானி காட்டுவது ஆக்சிஜனின் அளவை அல்ல, பங்கை. ஏதோ காரணத்தால் ஹைட்ரஜன் உற்பத்தி குறைந்தாலும், ஆக்சிஜன் அப்படியே இருந்தபோதும், சதவீதம் ஏறும். அப்போது ஆனோடையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தால் பழுது கிடைக்காது. ஹைட்ரஜன் எவ்வளவு வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வாயுக் குழாய்களை வெளிக்காற்றைவிடச் சற்றே கூடிய அழுத்தத்தில் வைப்பது, தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் நைட்ரஜன் செலுத்தி வெளிக்காற்றைத் துரத்துவது, கரைசலுக்கு மேலே வாயு தங்கும் வெற்றிடத்தைக் குறைப்பது, வாயுவோடு வரும் சிறிதளவு குளோரினைக் காரக் கரைசலில் கழுவி எடுப்பது எல்லாம் இதே கவலையிலிருந்து வந்தவை. குளோரினும் ஹைட்ரஜனும் கலந்தால் வெயில் பட்டாலே வெடிக்கக் கூடியவை என்பதையும் மறக்கக் கூடாது.

கொசுவலைக் கதை

ஹைட்ரஜன் ஏன் குறையும்? சுவர் இல்லாத கலத்தில் ஹைப்போகுளோரைட்டும் குளோரேட்டும் கேத்தோடு பக்கமும் போகும். கேத்தோடின் குணம் எலக்ட்ரான் கொடுப்பது, அது இவற்றுக்கும் கொடுத்து மறுபடி குளோரைடாக மாற்றிவிடும். பாடுபட்டுக் கட்டியதை அதே தொட்டியில் இடிப்பது மாதிரி.

இதைத் தடுக்கக் கரைசலில் கொஞ்சம் சோடியம் டைகுரோமேட் சேர்க்கிறார்கள். கேத்தோடின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் குரோமியம் ஹைட்ராக்சைடு படலம் உருவாகிறது. கொசுவலை காற்றை விட்டுக் கொசுவைத் தடுப்பதுபோல, தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் வருவதை அது தடுப்பதில்லை, ஹைப்போகுளோரைட்டையும் குளோரேட்டையும் நெருங்க விடுவதில்லை. போதாக்குறைக்கு அமில-காரச் சமநிலையை நிலைநிறுத்தவும் எஃகு அரிக்காமல் இருக்கவும் டைகுரோமேட் உதவுகிறது. ஒரே பொருள் இத்தனை வேலை செய்தால் அதை மாற்றுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

மாற்ற வேண்டிய கட்டாயமும் இருக்கிறது. டைகுரோமேட்டில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21க்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் சோடியம் டைகுரோமேட்டைப் பயன்படுத்த முடியாது. மாலிப்டேட், அரிய மண் உப்புகள், கேத்தோடின் மேல் முன்கூட்டியே பூசும் படலங்கள் என்று பலவற்றைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று படலம் தரும், சமநிலையைத் தாங்காது. இன்னொன்று ஹைட்ரஜனைத் தரும், கூடவே ஆக்சிஜனையும் ஏற்றிவிடும். கேத்தோடுக்கு வினையூக்கிப் பூச்சு போடுவதில் உள்ள சிக்கலும் இதுதான்: பூச்சு எவ்வளவு அருமையாக இருந்தாலும் குரோமியப் படலம் அதன் மேலேயும் போர்வைபோல் மூடிவிடுகிறது.

இதுவரை: கேத்தோடின் மேல் இருக்கும் மெல்லிய படலம் இல்லாவிட்டால் விளைபொருள் அழியும், ஹைட்ரஜன் குறையும், ஆக்சிஜன் சதவீதம் ஏறும். திறனும் பாதுகாப்பும் மறுபடி ஒரே கயிற்றில்.

பொருள் வெளியே வந்த பிறகு

தொட்டியில் கரைந்திருக்கும்வரை குளோரேட் சாது. காய்ந்த பிறகுதான் அதன் குணம் தெரியும். தானாக எரியாது, ஆனால் பக்கத்தில் இருப்பது எரிய ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுக்கும். குளோரேட் கரைசல் தெறித்த துணி, தோல் காலணி, மரப்பலகை காய்ந்துவிட்டால் ஒரு உரசலில் தீப்பிடிக்கும். ஆலைகளில் ரப்பர் காலணி போடச் சொல்வதும், தெறித்த இடத்தை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுவதும், வேலை உடையை வீட்டுக்கு எடுத்துப் போக விடாததும் இதற்காக. காற்றை மறைத்து அணைக்கும் தீயணைப்பான்கள் இங்கே உதவாது, தீக்கு வேண்டிய ஆக்சிஜன் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. நிறையத் தண்ணீர்தான் வழி. 1977 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரென்ஃப்ரூ பகுதியில் ஒரு சரக்குக் கிடங்கில் தீப்பிடித்தபோது உருளைகளில் இருந்த சோடியம் குளோரேட் பெரும் வெடிப்பாக வெடித்தது. அது தயாரிப்பு ஆலை கூட இல்லை, வெறும் கிடங்கு.

மின்சாரம் நின்றால்?

கடைசியாக, பலரும் கேட்கும் கேள்வி ஒன்று. காற்றாலையும் சூரிய மின்சாரமும் மலிவாகக் கிடைக்கும் நேரத்தில் மட்டும் ஆலையை ஓட்டி, மற்ற நேரத்தில் நிறுத்திவைத்தால் என்ன? காகிதத்தில் அருமையான யோசனை. ஆனால் மின்சாரம் ஓடும்வரைதான் எஃகுக் கேத்தோடுக்குப் பாதுகாப்பு. நின்றதும் கரைசலில் மிச்சம் இருக்கும் ஹைப்போகுளோரைட் அந்தக் கொசுவலையைக் கரைத்துவிட்டு எஃகையே அரிக்கத் தொடங்கும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தகடு கொஞ்சம் மெலியும், துரு கரைசலில் கலக்கும். ஒவ்வொரு தொடக்கத்திலும் வாயுக் குழாயில் புகுந்திருக்கக்கூடிய காற்றை மறுபடி துரத்த வேண்டும், ஆக்சிஜன் மானி நிலைக்கு வரும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்திருக்க வேண்டும். டைட்டானியக் கேத்தோடு இப்படி அரிக்காது, ஆனால் ஹைட்ரஜனை உறிஞ்சி நாளடைவில் நொறுங்கும் தன்மைக்கு வரும், மிகை மின்னழுத்தமும் எஃகைவிட அதிகம். அதனால் இப்போதைக்கு முழுதாக நிறுத்தாமல், மின்சாரம் விலையேறும் நேரத்தில் மின்னோட்டத்தைக் குறைத்து மட்டும் ஓட்டுகிறார்கள், கேத்தோடின் மேல் அந்தப் படலம் உயிரோடு இருக்கும் அளவுக்காவது.